முழங்காலுக்கு மேல் புல் வளரக் கூடாது

இது நடந்தது. கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் அப்படியே படித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் அந்தக் காலையில் துப்பாக்கியின் விசை மேல் இருந்தது என் விரல். ஒரு நூலிழை கூடுதலாக அழுத்தியிருந்தால் என் புருஷன் லைல் இன்று சர்ச்சுக்குப் பின்னால் மண்ணுக்குள் இருப்பான். சுட்டவள் நானாக இருப்பேன்.

என் பெயர் கோரின். வயது ஐம்பத்துமூன்று. விஸ்கான்சினின் மேற்குப் பக்க மலைகளில், ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் இருநூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறேன். இந்தப் பிசாசுகளையே சமாளிக்கிறவள் வேறு எந்தப் பேய்க்குப் பயப்படப்போகிறேன் என்று சொல்லித் திரிந்தவள்தான் நான். பன்னிரண்டு வயதிலிருந்து மான் வேட்டைக்குப் போகிறேன். விடியாத காட்டில் தனியாக மரத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பழகிய வேலை.

எங்கள் எண்பது ஏக்கரை இர்வின் ஓப்சால் என்ற கிழவரிடமிருந்து வாங்கினோம். பிள்ளைகுட்டி இல்லாத மனுஷர். முதியோர் இல்லத்துக்குப் போகிறேன், நிலம் வேண்டாம் என்றார். கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு ஒரே ஒரு விஷயம் சொன்னார்.

“நடுவுல இருக்கிற புல்வெளிய வெட்டிக்கிட்டே இருங்க. முழங்காலுக்கு மேல வளர விடாதீங்க.”

“ஏன், பாம்பு வருமா?” என்று லைல் சிரித்தான்.

“வெட்டுங்க,” என்றார். அவர் சிரிக்கவில்லை.

பக்கத்துப் பண்ணைக்காரர்கள் அவரைப் பற்றிக் கேலியாகச் சொல்வார்கள். மழையே இல்லாமல் காய்ந்த ஒரு வருஷம், வெட்ட ஒரு புல்கூட இல்லாத நிலத்தில், வெறும் டிராக்டரை வாராவாரம் ஓட்டிக்கொண்டிருந்தாராம். கிழவருக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று நாங்களும் சேர்ந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த நிலத்தில் ஒரு குறை. வீட்டிலிருந்து வேட்டைப் பரணுக்குப் போக வேண்டுமானால் அந்தத் திறந்த வெளியைத் தாண்டித்தான் போக வேண்டும். நாம் நடப்பதை மான் ஒரு தடவை பார்த்துவிட்டால் அன்றைய வேட்டை முடிந்தது. போதாததற்குச் சாலையில் போகிற ஒவ்வொரு வண்டியும் வேகத்தைக் குறைத்து எங்கள் மான்களை எண்ணிவிட்டுப் போகும். இதற்கு எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். உயரமான புல்லைச் சுவர் மாதிரி வளர்த்து, அதன் மறைவில் நடப்பது. மானுக்கும் அது ஒளிந்து படுக்க இடம்.

ஆக, கிழவர் எங்கே வளரக் கூடாது என்றாரோ, சரியாக அங்கேயே விதைத்தோம்.

ஸ்விட்ச் கிராஸ் என்ற அந்த உயரப் புல்லின் விதையைப் பிப்ரவரியில், பனி மேலேயே தூவ வேண்டும். குளிரில் உறைந்து, இளகி, மறுபடி உறைந்தால்தான் அந்த விதை கண் விழிக்கும். லைல் விதைப் பெட்டியை மார்பில் மாட்டிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே வந்தான். வெள்ளைப் பனியில் எங்கே தூவினோம், எங்கே தூவவில்லை என்று தெரியாது. அதனால் நான் அடையாளக் குச்சிகளை நட்டபடி முன்னால் போனேன்.

“நேராப் போ கோரின்! உன் முதுகைப் பார்த்துத்தான் நான் வரேன். நீ கோணலாப் போனா நம்ம புல்லும் கோணலாத்தான் வரும்.”

“முப்பது வருஷமா என் பின்னாடிதானே வர்ற. இன்னும் பழகலையா?”

இரண்டு நாள். காலையிலிருந்து இருட்டும் வரை. முன்னால் என் முதுகு, பின்னால் அவன். அந்த நிலம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

முதல் வருஷம் புல் வந்ததாகவே தெரியவில்லை. விதைக் கடைக்காரனைக் கட்டி வைத்து உதைக்க வேண்டும் என்று லைல் குதித்தான். மூன்றாம் வருஷம் ஏழடி. பனி விழுந்தாலும் சாயாத, ஆள் நுழைந்தால் தலை தெரியாத புல். ஒரு பக்கம் மான் மேய்வதற்கு நாங்கள் போட்ட பச்சைத் தீவனம், மறுபக்கம் நாங்கள் நடக்கிற பாதை, நடுவில் முப்பது அடி அகலத்துக்கு அந்தச் சுவர். இந்த முனையில் ஒரு ஓக் மரத்தில் என் பரண். அந்த முனையில் லைலின் பரண். நடுவில் முந்நூறு கெஜம்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. வேட்டை தொடங்கும் நாளில் காலை பத்து மணிவரை யாரும் புல்லுக்குள் கால் வைக்கக் கூடாது. வாசனை பட்டால் மான் கலைந்துவிடும் என்பதற்காக மட்டும் அல்ல. புல்லுக்குள் ஆள் இல்லை என்று தெரிந்தால்தான் அந்தப் பக்கம் தைரியமாகச் சுட முடியும்.

அந்த ஆகஸ்டில்தான் முதலில் கவனித்தேன். காற்றே இல்லாத மத்தியானம். புல் முழுக்க அசையாமல் நின்றது. ஒரே ஒரு கோடு மட்டும் அசைந்தது. யாரோ உள்ளே நடப்பதுபோல, மெதுவாக, முனையிலிருந்து முனைக்கு. மான் என்று நினைத்தேன். வெளியே வருமென்று கால் மணி நேரம் நின்று பார்த்தேன். எதுவும் வரவில்லை.

அக்டோபரில், மான் நடமாட்டத்தைப் படமெடுக்க மரத்தில் கட்டியிருந்த கேமராவில் ஒரு படம். நடைபாதையில் என் முதுகு. என் ஆரஞ்சு வேட்டைத் தொப்பி, என் கோட்டு. நேரம் காலை 6:41. நாள், செவ்வாய்க்கிழமை.

“செவ்வாய்க்கிழமை சமையலுக்கு மட்டம் போட்டுட்டு இங்க வந்தியா? எங்கிட்ட சொல்லவே இல்ல?” என்றான் லைல்.

“செவ்வாய்க்கிழமை ஆறு நாப்பதுக்கு நான் முட்டை உடைச்சிக்கிட்டு இருந்தேன். உன் கேமரா கடிகாரத்தை முதல்ல சரி பண்ணு.”

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். சரியாகத்தான் ஓடியது. பாட்டரி இறங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டோம். நாங்களே சொல்லி, நாங்களே நம்பினோம்.

நவம்பர் முதல் வாரம் உறைபனி. மான் படுத்த இடத்தில் பனி உருகி முட்டை வடிவில் தடம் இருக்கும். புல்லின் ஓரத்தில் அப்படி நான்கு பார்த்தேன். ஐந்தாவது முட்டை வடிவில் இல்லை. நீளம். தலை, தோள், இரண்டு கால். என் உயரம் இருந்தது.

“எவனோ திருட்டு வேட்டைக்காரன் பிராந்தி போட்டுட்டுப் படுத்திருக்கான்,” என்றான் லைல்.

அப்படித்தான் இருக்கும் என்றேன். ஆனால் அந்தத் தடத்துக்கு வந்த காலடியும் இல்லை, போன காலடியும் இல்லை. அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

வேட்டை தொடங்கும் சனிக்கிழமை. முந்தின இரவு விரலளவு பனி விழுந்திருந்தது. 4:50க்கு வீட்டை விட்டு இறங்கினோம். மூக்குமயிர் உறைகிற குளிர். என் மரத்தடியில் லைல் என் தோளைத் தட்டினான். “பெரிசா ஒண்ணு அடி. இல்லாட்டி வருஷம் பூரா உன் பள்ளிக்கூடச் சாப்பாடுதான் எனக்கு,” என்று காதோரம் சொல்லிவிட்டுப் பாதையில் போனான். 5:22க்கு நான் பரணில் உட்கார்ந்துவிட்டேன்.

5:40.

சர்ர்... சர்ர்... சர்ர்...

புல்லுக்குள் யாரோ நடக்கிறார்கள்.

மான் நடை எனக்குத் தெரியும். நாலு அடி, ஒரு நிறுத்தம், மோப்பம், மறுபடி இரண்டடி. இது அப்படி இல்லை. இரண்டு கால். ஒரே சீராக. நான் மூச்சை இழுத்தால் நடந்தது. மூச்சைப் பிடித்தால் நின்றது.

5:47க்கு லைலுக்குச் செய்தி அனுப்பினேன். “புல்லுக்குள்ள நீயா?”

5:48. “நான் மரத்து மேலதான் இருக்கேன். மானா இருக்கும். ஆடாம உக்காரு.”

சர்ர்... சர்ர்...

சத்தம் நெருங்கியது. என் மரத்தடிக்கு வந்தது. நின்றது.

கீழே பார்த்தேன். வெறும் பனி. ஆள் இல்லை.

6:05.

டங்.

இரும்பு ஏணியின் முதல் படி.

டங்...

இரண்டாவது.

“யாரது?” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மூன்றாவது படி ஒலிக்கவில்லை. ஆனால் ஏணி நடுங்கிக்கொண்டிருந்தது. அது என் நடுக்கமா, வேறா... தெரியவில்லை.

6:10க்கு மறுபடி லைலுக்குச் செய்தி. பதில் இல்லை. 6:14க்கு இன்னொன்று. பதில் இல்லை.

சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. ஐம்பத்துமூன்று வயதில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளையாக இருந்தபோது கற்ற ஜெபத்தை முணுமுணுத்தேன். இறங்கி வீட்டுக்கு ஓடியிருக்கலாம். ஆனால் இறங்க வேண்டிய ஏணியில்தானே அது நின்றது.

சத்தம் போய்விட்டது. எப்போது போனது என்று தெரியவில்லை. கிழக்கே வெளுத்தது. 6:29, சுடலாம் என்று சட்டம் சொல்லும் நேரம். தூரத்தில் யாரோ சுட்ட சத்தம் கேட்டது. மனிதர்கள் இருக்கிறார்கள் என்று எனக்கு உயிர் வந்தது.

6:38.

புல்லிலிருந்து ஒரு கிடா மான் வெளியே வந்தது.

அவ்வளவு பெரிய மானை நான் பார்த்ததில்லை. கொம்பில் பன்னிரண்டு கிளை. தீவனத்தின் ஓரத்தில், புல்லை ஒட்டி, எனக்குப் பக்கவாட்டில் நின்றது. அறுபது கெஜம். இதைவிட வசதியாக எந்த மானும் நிற்காது.

பயமெல்லாம் பறந்துவிட்டது. வேட்டைக்காரி புத்தி அதுதான். துப்பாக்கியைத் தூக்கினேன். மான் தலையைத் திருப்பி நேராக என்னைப் பார்த்தது. காது ஆடவில்லை. வால் ஆடவில்லை.

மானுக்குப் பின்னால் புல். புல்லுக்குள் யாரும் இல்லை. அதுதான் எங்கள் சட்டம்.

விரலை விசையில் வைத்தேன்.

அழுத்தத் தொடங்கினேன்.

அப்போதுதான் தெரிந்தது.

மானின் மூக்கிலிருந்து ஆவி வரவில்லை.

என் மூச்சு புகையாக வருகிறது. அந்தக் குளிரில் உயிருள்ள எதுவும் மூச்சு விட்டால் ஆவி பறக்கும். அந்த மான்... மூச்சே விடவில்லை.

ஆனால் அதற்குப் பின்னால்...

புல்லுக்குள்...

ஆள் உயரத்தில்...

வெள்ளையாக ஆவி எழுந்தது.

ஒரு தடவை.

இன்னொரு தடவை.

விரலை எடுத்துவிட்டுக் கத்தினேன். “லைல்!”

“என்ன?” என்றது புல்.

மானைக் காணோம். ஓடவில்லை. நான் கண்ணைச் சிமிட்டினேன், அது இல்லை. அது நின்ற இடத்துக்கு நேர் பின்னால், பத்தடி தள்ளி, புல்லை விலக்கிக்கொண்டு லைலின் ஆரஞ்சுத் தொப்பி வெளியே வந்தது. நேரம் பார்த்தேன். 6:41.

எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அடித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

“புல்லுக்குள்ள என்னடா பண்ற? பத்து மணிவரை வரக் கூடாதுன்னு சொல்லி இருக்குல்ல? செத்திருப்ப! நானே கொன்னிருப்பேன்!”

அவன் குழம்பிப்போய் என்னைப் பார்த்தான்.

“நீதானே கூப்பிட்ட?”

“என்னது?”

“என் மரத்தடிக்கு வந்து கைய ஆட்டினியே. உனக்கு உடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன். போன் வேற குளிர்ல செத்துப்போச்சு. இறங்கி வந்தேன். நீ புல்லுக்குள்ள போன. நான் உன் முதுகைப் பார்த்துக்கிட்டே வந்தேன். என்ன கோரின், நீதானே முன்னால நடந்த?”

குனிந்து பனியைப் பார்த்தேன்.

மான் நின்ற இடத்தில் ஒரு குளம்புத் தடம்கூட இல்லை. புல்லுக்குள் லைலின் பூட்ஸ் தடம் இருந்தது. அதற்கு முன்னால் இன்னொரு தடம் இருந்தது. சின்னப் பூட்ஸ். இடது குதிகாலில் ஒரு வெட்டு.

என் இடது பூட்ஸின் குதிகாலில் முள்கம்பி கிழித்த வெட்டு இருக்கிறது. மூன்று வருஷமாக இருக்கிறது.

அன்று நாங்கள் சுடவில்லை. அந்த வருஷமே சுடவில்லை.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து நேராக முதியோர் இல்லத்துக்குப் போனேன். இர்வின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எண்பத்திரண்டு வயது. நான் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் கேட்டார்.

“எவ்வளவு உயரம் விட்டீங்க?”

“ஏழடி,” என்றேன்.

கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மானின் மூக்கில் ஆவி இல்லாததைச் சொன்னபோது அவர் கண்ணைத் திறந்தார்.

“நான் அதைப் பார்க்கல,” என்றார். “நீ பார்த்துட்ட. எனக்கு அப்ப முப்பத்தஞ்சு வயசு. அப்பவும் அங்க அந்த உயரத்துக்குப் புல்லு. என் தம்பி ஆர்டன் அந்தக் கடைசிப் பரண்ல இருந்தான். பெரிய கிடா ஒண்ணு வந்து நின்னு என்னையே பார்த்துச்சு. சுட்டேன். ஆறு நாப்பத்தொண்ணு. போய்ப் பார்த்தா மான் இல்ல. ரத்தம் இருந்துச்சு. மான் ரத்தம் இல்ல.”

நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“உடனே சாகல அவன். என் மடியிலதான் இருந்தான். கடைசியா ஒண்ணு கேட்டான்.” கிழவர் என்னைப் பார்த்தார். “‘ஏன்டா இர்வின், நீதானே எனக்கு முன்னால நடந்துக்கிட்டு இருந்த?’ன்னு கேட்டான்.”

“இதை ஏன் எங்ககிட்ட முன்னாடியே சொல்லல?” கோபத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

“போலீஸ்கிட்ட சொன்னேன். பாதிரியார்கிட்ட சொன்னேன். எல்லாரும் பாவம்னு பார்த்தாங்க. நீ மட்டும் நம்பியிருப்பியா?”

நம்பியிருக்கமாட்டேன்.

மார்ச்சில் புல்லைக் கொளுத்தினோம். ஆனால் அந்தப் புல்லின் வேர் ஆள் உயரத்துக்குக் கீழே போகும். வசந்தம் வந்தால் மறுபடி முளைக்கும். லைல் வாராவாரம் டிராக்டரில் வெட்டுகிறான். சாலையில் போகிறவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நிலத்தை விற்றுவிடலாம்தான். ஆனால் வாங்க வருபவரிடம் என்ன சொல்வது?

எங்கள் வீட்டில் இப்போது வேறொரு சட்டம். வெளியே நான் முன்னால் நடந்தால் லைல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். நான் திரும்பி முகத்தைக் காட்டும்வரை ஓரடி எடுத்து வைக்கமாட்டான். புல்லுக்குள் இருப்பதற்கு முதுகைத்தான் காட்டத் தெரியும், முகத்தைக் காட்டத் தெரியாது என்று நம்பினோம். அந்த நம்பிக்கையில்தான் அங்கே குடியிருந்தோம்.

இந்தச் செப்டம்பரில் வெட்டும் இயந்திரம் பழுதாகிவிட்டது. உதிரிப்பாகம் வர மூன்று வாரம் ஆனது. புல் இடுப்புக்கு வந்துவிட்டது.

போன வியாழக்கிழமை. மாலை 6:41. சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். வெளியே லைலின் குரல்.

“கோரின்...”

கத்தியைக் கீழே வைத்தேன்.

“கோரின்... திரும்பு.”

ஜன்னலுக்கு ஓடினேன். புல்லின் ஓரத்தில் லைல் நின்றான். வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புல்லைப் பார்த்தபடி, அசையாமல், காத்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு முன்னால் யாரும் இல்லை.

பிறகு... லைல் ஓரடி எடுத்து வைத்தான்.

ஜன்னலைத் திறந்து தொண்டை கிழியக் கத்தினேன். அவன் நின்றான். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு புல்லைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். அப்புறம் ஓடி வந்தான். வந்து, கதவைத் தாழ்ப்பாள் போட்டு, தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“நீ திரும்பின, கோரின்,” என்றான் கடைசியில். “உன் முகம்தான்.”